ஆசுபத்திரி விதி

அன்பான கிழட்டுத் தளபதிகளே,

போன ஞாயிற்றுக்கிழமை மாடியறையில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று ஆளாளுக்குப் போன் செய்து கேட்டுவிட்டீர்கள். உடம்பு சரியில்லையா, பிரஷர் மாத்திரை போட்டேனா என்றெல்லாம் விசாரித்தீர்கள். மாத்திரை போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நம்மோடு புதிதாகச் சேர்ந்த பேங்க்காரர் ஒரு தாளை நீட்டினார். காயம்பட்ட சிப்பாய் ஒரேயடியாக மேஜையை விட்டுப் போக வேண்டாம், ஓரமாகப் படுத்திருக்கட்டும், பகடையில் நல்ல எண் விழுந்தால் எழுந்து வரட்டும் என்று அதில் ஒரு விதி எழுதியிருந்தார். நியாயமான யோசனைதான். நான் அதை வாங்கி நாலாகக் கிழித்து அவருடைய டீக்குள் போட்டேன். விரல் உயரப் பொம்மைப் படைகளை வைத்துக்கொண்டு மேஜையில் சண்டை போடும் ஆறு கிழவர்களுக்கு நடுவில் இது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன்.

விதி சிக்கலாகிவிடும் என்று அப்போது காரணம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். நான் ஒரு பக்க விதிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். நகர், மோது, உருட்டு, தோற்றவனை எடு. சட்டைப்பையில் மடித்து வைக்கிற அளவுக்குத்தான் விதி இருக்க வேண்டும். ஒரு சிப்பாய் செத்தானா பிழைத்தானா என்று பார்க்க மூன்று அட்டவணையைப் புரட்டுகிறவனுக்குச் சண்டை எதற்கு? அவன் ஏதாவது தாலுகா ஆபீஸில் போய் வரிசையில் நிற்கலாம். இந்தப் பேச்சில் இன்றைக்கும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் தாளைக் கிழித்ததற்கு அது காரணமில்லை.

என் பதினோராவது வயசில் நாங்கள் ஏற்காட்டில் இருந்தோம். சேலம் பஸ் வந்து நிற்கிற ஒண்டிக்கடையிலிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம், ஒரு காபி எஸ்டேட். என் அப்பா அங்கே ஜீப் டிரைவர். எஸ்டேட் ஸ்டோரில் காபிக்கொட்டை பொறுக்குகிற மேஜை ஒன்று இருந்தது. பதினெட்டு அடி நீளம். கொட்டை உருண்டு கீழே விழாமல் இருக்க நாலு பக்கமும் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு அடித்திருப்பார்கள். அறுவடைக் காலத்தில் பெண்கள் இருபுறமும் உட்கார்ந்து கறுப்பு, உடைசல் எல்லாம் பொறுக்கித் தள்ளுவார்கள். ஆனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மேஜை சும்மா கிடக்கும். வெளியே மழை. உள்ளே பழைய சாக்கு நாற்றம், எலிப்புழுக்கை நாற்றம், அதற்கு அடியில் போன வருஷத்துக் காபியின் பச்சை வாசனை. அந்த மேஜைதான் எங்கள் போர்க்களம்.

சிப்பாய்களைச் செய்தவன் மேஸ்திரி மகன். மாரமங்கலத்துக்காரன், கத்தியைக் கையில் கொடுத்தால் எதையும் செதுக்குவான். கவாத்து வெட்டிப் போட்ட காபிக் குச்சிகளை விரல் அளவுக்கு நறுக்கி, கழுத்து வைத்து, தலை வைத்து, அடியைத் தட்டையாக்கி நிற்க வைத்தான். காபி மரம் நல்ல வெள்ளை, நல்ல கெட்டி. மரங்களுக்கு நம்பர் போடுகிற சிவப்புப் பெயிண்டில் இருபது தலை முக்கினோம். பேனா மையில் இருபது தலை. சாக்கை மடித்து அடியில் வைத்தால் மலை. ஈரத் துணியை நீட்டி விட்டால் ஓடை. பகடை மட்டும் ஒண்டிக்கடையில் வாங்கிய பாம்பு ஏணிப் பெட்டியிலிருந்து எடுத்தது.

விதிகளைச் செய்தவள் ரைட்டர் மகள். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. எஸ்டேட் ஆபீஸில் செக்ரோல் எழுதுகிறவர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று தினமும் குறிக்கிற நீளமான நோட்டு அது. வந்தால் ஒரு கோடு. ஆசுபத்திரிக்குப் போயிருந்தால் 'ஆ'. ஆள் செத்துவிட்டாலோ எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டாலோ சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, பெயரின் மேல் ஒரே அடி. அவர் மகளும் அப்படித்தான். என்னைவிட ஒரு வயசு மூத்தவள். முடிந்துபோன ஒரு செக்ரோல் நோட்டின் பின்பக்கங்களில் எங்கள் நாற்பது சிப்பாய்களுக்கும் நம்பர் போட்டு வரிசை கட்டி வைத்திருந்தாள். அதற்கு அடுத்த பக்கங்களில் விதிகள்.

முப்பத்திரண்டு விதிகள். மேடு ஏறினால் பாதி தூரம்தான் நகரலாம். சாக்கு ஈரமாக இருந்தால் துப்பாக்கி மருந்து நனைந்துவிட்டதாகக் கணக்கு, இரண்டு சுற்றுக்குச் சுடக்கூடாது. நிஜமான மூடுபனிக்குக் கூட அவளிடம் விதி இருந்தது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தேதி தெரியாமல் போனால், அந்தச் சுற்றில் யாரும் சுட முடியாது. ஏற்காட்டில் ஆடி மாசம் எத்தனை நாள் காலண்டர் தெரியும்? நாங்கள் நாலு பேர், நான், என் தம்பி, மேஸ்திரி மகன், அவள், மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு பனி விலகக் காத்திருப்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலரைக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்கு விளக்கு வைக்கக் கூப்பிடுகிற வரை இரண்டு சுற்று முடிந்தால் அதிசயம்.

எனக்கு எரிச்சலாக வரும். தம்பி நின்றபடியே தூங்குவான்.

ஆனி மாசக் கடைசியில் ரைட்டரின் மனைவியை சேலம் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெகுநாளாக இருமல். ஸ்டோரில் நாங்கள் விளையாடும்போது ரைட்டர் குவார்ட்டர்ஸிலிருந்து அந்த இருமல் கேட்கும். என் அப்பாதான் கம்பளியைச் சுற்றி ஜீப்பில் உட்கார வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக்கொண்டு போனார். அதற்கு மறுவாரம் ரைட்டர் மகள் முப்பத்துமூன்றாவது விதியை எழுதினாள். அதுதான் ஆசுபத்திரி விதி.

தோற்ற சிப்பாய் சாகமாட்டான். மேஜையின் கோடியில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி இருக்கும், அதுதான் ஆசுபத்திரி, அதில் போய்ப் படுப்பான். செக்ரோலில் அவன் நம்பருக்கு நேரே 'ஆ'. ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவனுக்காகப் பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் எழுந்து வருவான். ஒன்று விழுந்தால் செத்தான், சிவப்புக் கோடு. மற்ற எண் விழுந்தால் அங்கேயே படுத்திருக்க வேண்டியதுதான்.

உருட்டுவதற்கு ரைட்டர் வருவார். அது யாரும் எழுதாத விதி. முதலில் ஒரு நாள் ஆபீஸை முடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட வந்தவர், என்ன ஏது என்று கேட்டு, "நான் உருட்டட்டுமா கண்ணு?" என்றார். அப்புறம் தினமும் ஐந்தரைக்கு வந்துவிடுவார். வலதுகை நடுவிரலில் சிவப்பு மை ஒட்டியிருக்கும். மூடியைக் குனிந்து பார்த்து, "இன்னைக்கு யார்றா சாமி ஆசுபத்திரில?" என்று அந்தக் குச்சிகளையே கேட்பார். பகடையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடி, காதோரமாகக் கொண்டுபோய், நெடுநேரம் குலுக்குவார். ஐந்து விழுந்தால் அவரே சிப்பாயை எடுத்து நிற்க வைத்து, சட்டை மடிப்பைச் சரி செய்வதைப் போல விரலால் ஒரு தடவு தடவுவார். அவள் பக்கத்தில் நின்று செக்ரோலில் கோடு போடுவாள். அப்பாவும் மகளும் அந்த ஒரு மூடிக்கு மேலே குனிந்து நிற்கிறது எனக்கு இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது.

அவர் கள்ளாட்டம் ஆடினார். இதையும் சொல்ல வேண்டும். ஒன்று விழுந்தால், "பகடைக்கட்டை சாக்கு மடிப்புல சாஞ்சு நின்னுருச்சு கண்ணு, இது செல்லாது" என்று மறுபடி எடுத்துக் குலுக்குவார். சாய்ந்தும் இருக்காது, ஒன்றும் இருக்காது. நானும் எண்ணிக்கொண்டே வந்தேன். அவர் உருட்ட ஆரம்பித்ததிலிருந்து ஆசுபத்திரியில் ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை.

ஆடி கடைசியில் ரைட்டர் சேலத்துக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லை. அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், தூங்கினாள். திரும்பி வந்தபோது அவர் தலை மொட்டை. மீசையும் இல்லை. மகள் வாசலில் நின்று பார்த்தாள்.

"பழனிக்கு வேண்டியிருந்தேன் கண்ணு. அம்மாவுக்கு நல்லாகோணும்னு" என்றார்.

"அம்மா எப்படிங்கப்பா இருக்குது?"

"இருக்குது. இன்னும் கொஞ்ச நாள் ஆசுபத்திரில இருக்கோணுமாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் அம்மா சமையற்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எதையும் யோசிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது புரட்டாசியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி கேட்டாள். நான் ஜீப்புக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டிருந்தது அவர்களுக்கு ஞாபகமில்லை.

"ஏனுங்க, அந்தப் புள்ளைகிட்ட எப்பத்தான் சொல்றதா இருக்கறாரு அந்த மனுசன்? காரியமெல்லாம் முடிச்சு மாசமாகுது."

"கால் பரீட்சை முடியட்டும்னாரு. முடிஞ்சுது. இப்பத் தீபாவளி போகட்டும்ங்கறாரு."

"தெனமும் அது தலைக்கு நான்தான் பூ வெச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன்."

"அவரு சம்சாரம், அவரு புள்ளை. நாம என்ன சொல்றது?"

அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார்கள். அப்பா ஈரத் துணியால் என் முகத்தில் ஓர் அடி கொடுத்தார். "வெளிய மூச்சு உட்டே, தோலை உரிச்சுப்போடுவேன்."

நான் மூச்சு விடவில்லை. மூன்று வாரம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு விளையாடினேன். பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு ஏதோ ஒரு பெரிய ஆயுதம் கிடைத்துவிட்டது என்றுதான் இருந்தது. அவளுக்கு முப்பத்துமூன்று விதி தெரியும். எனக்கு ஒன்று தெரியும், அது அவளுக்குத் தெரியாது.

அந்தப் புரட்டாசியில்தான் நான் விதிகளை வெட்ட ஆரம்பித்தேன். சும்மா வெட்டவில்லை, ஓட்டுப் போட்டு வெட்டினேன். தம்பி என் பேச்சைத் தட்டமாட்டான். மேஸ்திரி மகனுக்குச் செதுக்குவதில்தான் ஆசை, விதியில் இல்லை. மூன்று கை எழுந்தால் ஒரு விதி போய்விடும். முதலில் மேடு போயிற்று. அடுத்து ஈர மருந்து. மூடுபனி விதியை எடுத்தபோது அவள் கொஞ்சம் வாதாடினாள், "பனில எப்படிறா சுடுவே?" என்று. "குச்சிக்குப் பனி தெரியாது" என்றேன். தம்பி சிரித்தான். அவள் நோட்டை விரித்து, அப்பாவின் ஸ்கேலை வைத்து, சிவப்பு மையில் அந்த விதியின் மேல் தானே கோடு போட்டாள். கோடு கொஞ்சமும் கோணவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் ஆட்டம் பிரமாதமாகிவிட்டது. அரை மணி நேரத்தில் ஒரு சண்டை. தம்பி தூங்காமல் குதித்தான். அவளே ஒரு நாள் சிரித்துக்கொண்டு, "நல்லாத்தான்டா இருக்குது" என்றாள். நம் மாடியறையில் ஒரு பக்க விதியைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்களே, அதே சொல். ஐப்பசி பிறந்தபோது விதிகளில் மிஞ்சியது ஐந்து. அதில் ஒன்று ஆசுபத்திரி.

அதையும் எடுக்க வேண்டும் என்றேன். அவள் நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்லலையில்ல. இது மட்டும் இருக்கட்டும்டா."

"எதுக்கு?"

"இருக்கட்டும்."

"காரணம் சொல்லு."

நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறினாள். பிறகு, "அப்பாவுக்குப் புடிச்சிருக்குது" என்றாள்.

"உங்கப்பாவா வெளையாடறாரு? கை தூக்குங்கடா" என்றேன்.

மேஸ்திரி மகன் தூக்கினான். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினான். அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். "சரிடா. எடுத்தரலாம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். இப்ப வந்துருவாரு. ஒருக்கா உருட்டிட்டுப் போகட்டும். நாளைக்கு நானே கோடு போட்டுடறேன்."

சரி என்றேன். பெரிய மனசு பண்ணியதாக எனக்கு நினைப்பு.

ஐந்தரைக்கு ரைட்டர் வந்தார். குடையை மடக்கிக் கதவோரம் வைத்தார். முடி அரை அங்குலம் முளைத்திருந்தது. அன்றைக்கு ஆசுபத்திரியில் இருந்தது ஒரே ஆள், சிவப்பு பதினொன்று. சிவப்புப் படை அவளுடையது, நீலம் என்னுடையது. அந்த ஓர் ஆள் எழுந்து வந்தால் என் பக்கம் தோற்றுவிடும் என்கிற நிலைமை. அவர் பகடையைக் கைக்குள் மூடி, காதோரம் வைத்து, குலுக்கினார். விழுந்தது ஒன்று.

மேஜையின் வெறும் பலகையில் தட்டையாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஒன்று.

"அடடா, கட்டை சாஞ்சு விழுந்துருச்சு கண்ணு" என்று அதை எடுத்தார்.

"சாயலைங்க. செத்துட்டான்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஏஞ்சாமி இத்தனை கோவம்? ஆசுபத்திரிக்குப் போனவங்க வராம எங்க போயிருவாங்க? கொஞ்சம் மெதுவா வருவாங்க, அவ்வளவுதான்."

நான் அதற்குப் பதில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் பேசினால் வாயில் சூடு வைப்பார்கள். நானும் ஒரு 'ங்க' விடாமல், மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அப்ப அத்தை வந்துட்டாங்களாங்க? அவங்க ஆடி மாசமே செத்துப்போயிட்டாங்கல்லங்க? நீங்க மொட்டை போட்டது அதுக்குத்தானுங்களே?"

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ரைட்டர் கையிலிருந்த பகடையைச் சாக்கின் மேல் மெதுவாக வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை, பார்க்க முயற்சி செய்தார் என்று நினைக்கிறேன், தலை பாதி திரும்பி நின்றுவிட்டது. கதவுக்குப் போனார். குடையை எடுக்க மறந்து மழையில் இறங்கிப் போனார். ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அப்பா சொன்னபடியே தோலை உரித்தார். ஜீப்பின் ஃபேன் பெல்ட் பழசு ஒன்று இருந்தது, அதால். ஆனால் இரண்டு நாளில் பெரியவர்களின் பேச்சு மாறிவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் வந்து அம்மாவிடம், "எப்படியோ புள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு, நல்லதுதானுங்க, எத்தனை நாளைக்கு மூடி வெக்கறது" என்றார்கள். அம்மா என் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "சின்னப்பையன், வெளையாட்டு மும்முரத்துல வாய் தவறிச் சொல்லிப்போட்டான்" என்று எல்லாரிடமும் சொன்னாள். வாய் தவறவில்லை. எந்தச் சொல் எங்கே போய்ப் படும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. என்னை மன்னிப்பதில் எல்லாரும் அவ்வளவு அவசரமாக இருந்தார்கள்.

ரைட்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஸ்டோர் வாசலில் எதிரே வந்தார். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன். "கொஞ்சம் நகந்துக்குங்க தம்பி" என்றார். அதுவரை நான் அவருக்குக் கண்ணு, இல்லாவிட்டால் சாமி. அதன் பிறகு எஸ்டேட்டில் இருந்த எட்டு வருஷமும் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசினார். ஒரு தடவைகூட மாறவில்லை.

அந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்று அம்மா சொன்னாள். சண்டை ஒன்றும் இல்லையாம். அவர் வரும்போது அவள் உள்ளே போய்விடுவாள், அவள் வரும்போது அவர் செக்ரோலை எடுத்து விரித்துக்கொள்வார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே அவளைத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒண்டிக்கடையில் பஸ் ஏற்றிவிட என் அப்பாதான் ஜீப்பில் கூட்டிப்போனார். தம்பியும் போனான். நான் போகவில்லை. அவள் அந்த நோட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நாற்பது நம்பரின் மேலும் சிவப்புக் கோடு போட்டு முடித்திருந்தாள். இல்லை, முப்பத்தொன்பது. சிவப்பு பதினொன்றுக்கு நேரே 'ஆ' என்று இருந்தபடியே இருந்தது. நோட்டைப் பிறகு கரையான் தின்றுவிட்டது. கார்த்திகையில் பெண்கள் வந்து மேஜையைத் துடைத்துவிட்டுக் கொட்டை பொறுக்க உட்கார்ந்தார்கள்.

இவ்வளவையும் எழுதி, மடித்து, கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு பிரித்தேன். ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அத்தோடு முடியவில்லை.

ரைட்டர் மழையில் போன பிறகு அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. கதவோரம் இருந்த குடையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள். "மொட்டையோட வந்து வாசல்ல நின்னாரே, அன்னைக்கே தெரியும். பழனிக்குப் போனவரு நெத்தில துண்ணூறு இல்லாமயா வருவாரு? ஒரு பொட்டணம் பஞ்சாமிர்தம்கூடக் கொண்டாரலை."

அவள் மறுபடி குடையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவரு எங்கிட்ட என்ன பேசுவாரு? ஊட்டுல எதும் பேசறதில்ல. சோத்தைப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. இங்க வந்தா மட்டுந்தான் சிரிப்பாரு. நாளைக்கு ஆசுபத்திரி இல்லைன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே யோசிச்சிட்டு இருந்தேன். அந்த ரூலை நான் எனக்கா வெச்சேன்?"

அதைச் சொல்லிவிட்டு அவள் சாக்கின் மேலிருந்த பகடையை எடுத்தாள். அவரைப் போலவே இரண்டு கைக்குள் வைத்து மூடி, காதோரம் கொண்டுபோனாள். குலுக்கினாள். உருட்டினாள்.

ஆறு.

மூடியில் படுத்திருந்த சிவப்பு பதினொன்றை எடுத்தாள். மேஜை நடுவில், மலைக்குப் பக்கத்தில், நிற்க வைத்தாள். விரலால் அதன் தோளை ஒரு தடவு தடவினாள்.

தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு எட்டு வயசு. "உட்ருண்ணா" என்றான். மேஸ்திரி மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கையை நீட்டினேன்.

"இது செல்லாது" என்றேன். "அவரு உருட்டினப்பவே செத்துட்டான். அந்த ரூலும் இப்ப இல்ல. மூணு கை எந்திரிச்சாச்சு."

சிப்பாயை எடுத்து டிரவுசர் பையில் போட்டுக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. நோட்டையும் அப்பாவின் குடையையும் எடுத்துக்கொண்டு, குடையை விரிக்காமல் மழையில் நடந்து போனாள். அன்றைக்கு ஜெயித்தது நீலப்படை. நான்தான்.

தளபதிகளே, பேங்க்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவருடைய விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் கை தூக்க மாட்டேன். சிவப்பு பதினொன்று என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. பெயிண்ட் உதிர்ந்துவிட்டது, காபிக் கட்டை கெட்டி, இன்னும் நிற்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதை ஒரு சண்டையிலும் இறக்கியதில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காயம்பட்டவனுக்காகப் பகடையை எடுக்கிறவர் ஒரு கையால் சட்டென்று உருட்டிவிடட்டும். இரண்டு கைக்குள் மூடிக் காதோரம் கொண்டுபோனால் நான் எழுந்து போய்விடுவேன்.